33 அங்குல டயருக்கு எந்த ஆக்சில் விகிதம்? சம்பூர்த் தம்பிக்கு ஒரு பதில்

சம்பூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்:

"அண்ணை, என்னிடம் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப் ஒன்று இருக்கு. எல்என்106, 2.8 டீசல், டேர்போ இல்லை. முன்னுக்கும் முழு ஆக்சில், லீஃப் ஸ்பிரிங். வயலுக்கு உரம் ஏற்றுவேன், நெல் மூட்டை ஏற்றுவேன், சீசனில் ஃபைபர் படகைக் கரையிலிருந்து ட்ரெய்லரில் இழுப்பேன், மாதத்தில் ஒன்றிரண்டு தரம் கொழும்புக்கும் போவேன். முன்பு 205ஆர்16 டயர். போன வருடம் ஸ்பிரிங்கை உயர்த்தி 285/75ஆர்16 போட்டேன். பார்க்க நல்லாயிருக்கு, ஆனால் வண்டி சோர்ந்து போச்சு. ஐந்தாவது கியர் போட்டால் இழுக்காது. மணலில் படகை இழுக்கும்போது கிளச் மணக்குது. லீற்றருக்கு 10 ஓடினது இப்போ 8. கொழும்பில் ஒருவர் 4.88 டிஃபரன்ஷியல் ஒன்று வைத்திருக்கிறார், பின்னுக்கு மட்டும் மாற்றினால் போதும், முன் ஹப் திறந்துதானே கிடக்கு என்கிறார். இங்கே இன்னொருவர் 5.29 போடு, வண்டி பறக்கும் என்கிறார். என்னுடையது 4.10 என்றுதான் மெக்கானிக் சொல்கிறார். நான் என்ன செய்ய?"

தம்பி, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை ஆறுதலாகப் பேசலாம். பின்னுக்கு மட்டும் மாற்ற வேண்டாம். அந்த ஒற்றை டிஃபரன்ஷியலுக்கு முற்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். மாற்றுவதென்றால் முன்னும் பின்னும் ஒரே விகிதத்துக்கு மாற்றுங்கள், இரண்டுக்கும் காசு கட்டாது என்றால் டயரைச் சிறிதாக்குங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஏன் என்று பார்ப்போம். டிஃபரன்ஷியல் என்பது ஆக்சிலின் நடுவில் இருந்து இரண்டு பக்கச் சில்லுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்பெட்டி. உங்கள் ஹைலக்ஸில், எஞ்சின் பலத்தை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் பெட்டிக்குள் அப்படியொரு நடு டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீல் லீவரைப் போட்ட நிமிஷத்திலிருந்து முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டுவிடும், இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். முன்னுக்கு 4.10, பின்னுக்கு 4.88 என்று வைத்தால், பின் சில்லு ஒரு மீற்றர் போகும் நேரத்தில் முன் சில்லு 1 மீற்றரும் 19 சென்ரிமீற்றரும் போகப் பார்க்கும். இரண்டும் ஒரே வண்டியில் இருப்பதால் அப்படிப் போக முடியாது. ஆகவே ஒவ்வொரு மீற்றருக்கும் அந்த 19 சென்ரிமீற்றரை யாரோ ஒருவர் வழுக்கித் தீர்க்க வேண்டும். மணலில் டயர் வழுக்கித் தீர்த்துவிடும், உங்களுக்கு ஸ்டியரிங் கனமாகத்தான் தெரியும். காய்ந்த வரம்பிலோ கிரவல் ரோட்டிலோ ஏறினால் டயர் அவ்வளவு இலகுவில் வழுக்காது. அப்போது முறுக்கம் முழுக்க ஷாஃப்ட் சிலுவை (மூட்டு), ட்ரான்ஸ்ஃபர் பெட்டி பல், பினியன் என்று எது பலவீனமோ அதைத் தேடிப் போகும். ஹப் (முன் சில்லை ஆக்சில் ஷாஃப்ட்டோடு இணைக்கும் பூட்டு) திறந்து கிடக்கும்வரை ஒன்றும் நடக்காது என்பது உண்மைதான். ஆனால் படகோடு மணலில் புதையும்போது நீங்கள் இறங்கி ஹப்பைப் பூட்டாமல் இருப்பீர்களா? அந்த நேரத்துக்காகத்தானே ஃபோர் வீல் வண்டி வைத்திருக்கிறீர்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் பார்க்க வேண்டியது. ஸ்டெப்னி இன்னும் பழைய 205தானா? அப்படியென்றால் டயர் பஞ்சராகி அதை மாட்டிய பிறகு ஃபோர் வீல் போடக் கூடாது, பின்னால் மாட்டிக்கொண்டு நெடுந்தூரம் ஓடவும் கூடாது. ஒரு ஆக்சிலில் இரண்டு சில்லும் வேறு வேறு உயரமாக இருந்தால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பற்கள் நேர் ரோட்டிலும் ஓய்வில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு அவை செய்யப்படவில்லை. ஐந்தாவது டயரும் அதே அளவில் இருக்க வேண்டும்.

சரி, இனி விகிதத்துக்கு வருவோம்.

4.10 என்றால் கியர்ப் பெட்டிப் பக்கமிருந்து ஆக்சிலுக்கு வரும் புரொப்பலர் ஷாஃப்ட் 4.10 தரம் சுற்றினால் சில்லு ஒரு தரம் சுற்றும் என்று அர்த்தம். உள்ளே பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தில் 10 பல், அது சுற்றுகிற கிரவுன் என்ற பெரியதில் 41 பல், அவ்வளவுதான். எண் கூடக் கூட, அதே தூரத்துக்கு எஞ்சின் கூடத் தரம் சுற்றும், இழுவை கூடும். சைக்கிளில் பின் பல்சக்கரம் பெரிதானால் மிதி இலகுவாகிறதே, அதே கணக்கு. நீங்கள் டயரைப் பெரிதாக்கியபோது செய்தது இதற்கு நேர் எதிர். 205ஆர்16 ஏறக்குறைய 735 மில்லிமீற்றர் உயரம். 285/75ஆர்16 கணக்குப்படி 834, இதைத்தான் 33 அங்குல டயர் என்கிறோம். 834ஐ 735ஆல் வகுத்தால் 1.13 சொச்சம் வரும். எல்லாக் கியரும் 13 வீதம் நீண்டுவிட்டது, சில்லு நிலத்தைத் தள்ளும் பலம் 12 வீதம் குறைந்துவிட்டது. இதற்கு மேல் புதிய டயர் ஒவ்வொன்றும் பழையதைவிடப் பல கிலோ கனம், அந்தக் கனமும் சில்லின் வெளி ஓரத்தில் இருக்கிறது. டேர்போ இல்லாத 2.8 டீசலுக்கு இது சின்னச் சுமையில்லை.

இதற்குப் பதிலாகக் கிடைத்தது என்ன? ஆக்சிலுக்குக் கீழே கூடிய இடைவெளி உயர வித்தியாசத்தின் பாதிதான், 5 சென்ரிமீற்றர்கூட முழுதாக இல்லை. மணலில் நீளமான டயர் தடம் கிடைக்கும், அது நல்லதுதான், மறுக்கவில்லை.

பழைய இழுவை திரும்ப வர எந்த விகிதம் வேண்டும் என்பதற்குக் கணக்கு மிக இலகு. புது டயர் உயரத்தைப் பழைய டயர் உயரத்தால் வகுத்து, வருவதைப் பழைய விகிதத்தால் பெருக்குங்கள். உங்களுக்கு 1.135 பெருக்கல் 4.10, அதாவது 4.65. அப்படியொரு விகிதம் சந்தையில் தேடிக் கிடைக்காது. டொயோட்டாவின் 8 அங்குல டிஃபரன்ஷியலில் கம்பனியிலிருந்தே வந்தவற்றில் உங்களுக்கு உதவக்கூடியவை 4.30, 4.56, 4.88. வெளிக் கம்பனிகள் செய்வது 5.29, அதற்கும் மேலே. ஆகவே உங்கள் 4.65, 4.56க்கும் 4.88க்கும் நடுவில் வந்து நிற்கிறது. இந்த இடத்தில்தான் பலர் குழம்புவார்கள்.

குழம்புவதற்கு முன் இரண்டு விஷயத்தை நீங்களே அளந்து பாருங்கள். மெக்கானிக் சொன்ன 4.10ஐயும், டயர் பக்கத்தில் அடித்திருக்கும் எண்ணையும் அப்படியே நம்பி இவ்வளவு காசைப் போடக் கூடாது. முப்பது வருடம் ஓடிய வண்டி, எத்தனை கை மாறியதோ, இடையில் யாராவது டிஃபரன்ஷியலை மாற்றியிருக்கலாம்.

டயருக்கு: வழக்கமான காற்றோடு, வண்டியைச் சீமெந்துத் தரையில் நிறுத்தி, டயரிலும் தரையிலும் ஒரே இடத்தில் சோக்கட்டியால் கோடு போடுங்கள். கோடு திரும்பத் தரைக்கு வரும்வரை நேராகத் தள்ளி, இரண்டு தரைக்கோடுகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளவு நாடாவால் அளவுங்கள். பழைய ஸ்டெப்னி இருந்தால் அதையும் பின்னால் மாட்டி அதே மாதிரி அளவுங்கள். ஒன்றை மற்றதால் வகுத்தால் உண்மையான வித்தியாசம் வந்துவிடும். சுமையில் டயர் அமுங்குவதால் 33 அங்குலம் என்று வாங்கிய டயர் முழு 33ஆக ஓடுவதில்லை, தேய்ந்த பிறகு இன்னும் குறையும்.

விகிதத்துக்கு: முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, பின்னால் ஒரு பக்கத்தை மட்டும் ஜக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மற்றப் பின் சில்லு தரையில் இருக்க வேண்டும், அதற்கும் கல் வையுங்கள். கியரை நியூட்ரலில் விட்டு, கைப் பிரேக்கை விடுவித்து, தூக்கிய சில்லைக் கையால் 20 சுற்றுச் சுற்றுங்கள். ஒரு ஆள் கீழே பார்த்து புரொப்பலர் ஷாஃப்ட் எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். ஒரு சில்லு மட்டும் சுற்றும்போது கிரவுன் பாதிதான் சுற்றும், அதனால் 20 சுற்று என்பது கிரவுனுக்கு 10 சுற்று. ஷாஃப்ட் 41 சுற்றினால் உங்களுடையது 4.10. 43 என்றால் 4.30. நாற்பத்தைந்தரை என்றால் 4.56. ஏறக்குறைய நாற்பத்தெட்டே முக்கால் என்றால் ஏற்கெனவே 4.88 இருக்கிறது, பிரச்சினை வேறு எங்கேயோ என்று அர்த்தம். முன் ஆக்சிலுக்கும் இரண்டு ஹப்பையும் பூட்டி, ட்ரான்ஸ்ஃபரை டூ வீலில் விட்டு, இப்போது பின் சில்லுகளுக்குக் கல் வைத்து, இதையே செய்து பாருங்கள். கதவோரத் தகட்டில் ஆக்சில் குறியீடும் இருக்கும், ஆனால் அது வண்டி தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் கதை. எண்ணிப் பார்த்ததுதான் இன்றைக்கு உள்ளே இருப்பது.

எல்லாம் 4.10தான், டயரும் 33 பக்கம்தான் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

உங்கள் எஞ்சின் நன்றாக இழுப்பது நிமிஷத்துக்கு 2400 சுற்றுப் பக்கத்தில். ஐந்தாவது கியர் ஏறக்குறைய 0.85, அதாவது எஞ்சின் 0.85 தரம் சுற்றினால் புரொப்பலர் ஷாஃப்ட் ஒரு தரம் சுற்றும். பழைய டயரில் 80 கிலோமீற்றர் வேகத்தில் ஐந்தாவதில் எஞ்சின் சுமார் 2010 சுற்றில் ஓடியது. இப்போது அதே வேகத்தில் 1770தான். 60இல் போகும்போது 1330. லோட் இருக்கும்போது அந்தச் சுற்றில் காலை அழுத்தினால் டீசல் எரியும், புகை வரும், சூடு ஏறும், வண்டி நகராது. நீங்கள் ஐந்தாவதை விட்டுவிட்டு நான்காவதிலேயே கொழும்புவரை போய் வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். நான்காவதில் 80க்கு 2090 வரும், பழைய ஐந்தாவதுக்குக் கிட்டத்தட்டச் சமம். ஒரு கியரையே இழந்துவிட்டீர்கள்.

4.56 போட்டால் ஐந்தாவதில் 80க்கு 1970. 4.88 போட்டால் 2110. 5.29 போட்டால் 2290.

என் தெரிவு 4.88. தயக்கமில்லாமல் சொல்கிறேன். கணக்கு 4.65 என்று வந்தால் டேர்போ இல்லாத, சுமை ஏற்றுகிற, வயதான டீசலுக்கு எப்போதும் மேல் பக்கம்தான் போக வேண்டும், கீழே அல்ல. ஏனென்றால் அந்தக் கணக்கில் உயரம் மட்டும்தான் இருக்கிறது. டயரின் கனம் அதில் இல்லை, உயர்த்திய வண்டி காற்றைக் கூட வாங்குவது இல்லை, படகு இல்லை, நெல் மூட்டை இல்லை. ஆனி, ஆடியில் கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகும்போது கச்சான் காற்று எப்படி முகத்தில் அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காற்றுக்கு எதிராக உயர்ந்த வண்டியை ஐந்தாவதில் தள்ள 4.56இல் மிச்சம் எதுவும் இருக்காது, திரும்பவும் நான்காவதுக்கே இறங்குவீர்கள். பாரமே ஏற்றாமல் பெரும்பாலும் ஏ6 வீதியில் ஓடுகிறவர், அல்லது டேர்போ எஞ்சின் வைத்திருக்கிறவர் கேட்டிருந்தால் 4.56 என்று சொல்லியிருப்பேன். உங்கள் பாவனை அது இல்லை.

5.29 ஏன் வேண்டாம்? அது கெட்ட பொருள் இல்லை, 35 அங்குலமும் அதற்கு மேலும் டயர் போட்டவர்களுக்கு உரியது. உங்களுக்கு இழுவை நன்றாக இருக்கும், ஆனால் 100இல் ஐந்தாவதில் 2860 சுற்று ஓடும். கொழும்பு போக 260 கிலோமீற்றருக்கு மேல், அந்த இரைச்சலையும் சூட்டையும் மணிக்கணக்காகத் தாங்க வேண்டும். அதோடு விகித எண் கூடும்போது பினியன் சிறிதாகும், பல் குறையும். 4.10இல் 10 பல், 4.88இல் 8 பல் (கிரவுன் 39), 5.29இல் 7 பல் (கிரவுன் 37). பெரிய டயர், மணல், படகு, திடீரென்று கிளச்சை விடுவது, எல்லாம் சேரும் இடத்தில் பல் கனமாக இருப்பது நல்லது.

மணலில் கிளச் மணப்பது பற்றி. இதற்கு டிஃபரன்ஷியல் மாற்றும்வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே சரிசெய்யலாம். நீங்கள் ஹை ரேஞ்சில் முதலாம் கியரில் இழுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். படகு இழுக்கும்போது முதலிலேயே லோ ரேஞ்சுக்குப் போய்விடுங்கள். உங்கள் ட்ரான்ஸ்ஃபர் பெட்டி லோவில் 2.28 மடங்கு இழுவை தருகிறது, லோவில் இரண்டாம் கியரில் எடுத்தாலே கிளச்சை அரைக் காலில் பிடித்து வைக்கத் தேவை வராது. முதலாம் கியர், லோ, 4.10 மூன்றையும் பெருக்கினால் சுமார் 37 மடங்கு. பெரிய டயரால் அது 32 மாதிரி வேலை செய்கிறது. 4.88 போட்டால் 38 மாதிரி வேலை செய்யும், பழையதைவிடக் கொஞ்சம் மேல். இன்னொன்று, மணலுக்கு இறங்க முன் காற்றை 18 பிஎஸ்ஐ வரை குறையுங்கள், தார் ரோட்டுக்கு ஏறியதும் திரும்ப அடியுங்கள். ஒரு சின்ன கொம்பிரசர் வண்டியில் கிடக்கட்டும். நிலாவெளியில் என்றாலும் உங்கள் சம்பூர்க் கரையில் என்றாலும் முழுக் காற்றோடு மணலில் இறங்குகிற வண்டிக்கு எந்த விகிதம் போட்டும் உதவி செய்ய முடியாது. சேறு வேறு விஷயம். மாரியில் தம்பலகாமம் பக்க வயல்பாதைகளில் அடியில் கெட்டி நிலம் இருந்தால் பழைய ஒடுங்கிய டயர் வெட்டி இறங்கிப் பிடித்துப் போகும், அகலமானது மேலே மிதந்து சறுக்கும்.

எண்ணெய்ச் செலவுக் கவலையையும் பாதி குறைத்துவிடுகிறேன். தூரமானி பழைய டயருக்காகச் செய்யப்பட்டது. இப்போது நீங்கள் 113 கிலோமீற்றர் போனால் அது 100 என்று காட்டும். லீற்றருக்கு 8 என்று நீங்கள் கணக்குப் பார்த்தது உண்மையில் 9. குறைந்தது 2 இல்லை, 1. இதே காரணத்தால் வேகமானி 70 காட்டும்போது நீங்கள் 79இல் போகிறீர்கள், 70 வரம்பு உள்ள இடத்தில் பொலிஸ் மறித்தால் வேகமானியைக் காட்டி வாதாட முடியாது. 4.88 போட்ட பிறகு 70 காட்டினால் உண்மையில் 67 போவீர்கள், அது பாதுகாப்பான பக்கம்.

இனி பொருள் வாங்குவது. உங்கள் வண்டியில் முன்னும் பின்னும் 8 அங்குல டிஃபரன்ஷியல், கழற்றினால் கிரவுன், பினியன், பெயரிங் எல்லாம் சேர்ந்த முழுத் தலையாகவே புரொப்பலர் ஷாஃப்ட் பக்கமாக வெளியே வரும், முன்னுக்கு உள்ளதைப் பின்னுக்கும் போடலாம். இது உங்கள் அதிர்ஷ்டம். டோர்ஷன் பார் வைத்த ஹைலக்ஸ் என்றால் முன்னுக்கு 7.5 அங்குலம், முற்றிலும் வேறு சாமான், வேலையும் செலவும் வேறு. ஆகவே கொழும்புக்காரரிடம் ஒன்று இல்லை, இரண்டு 4.88 தலை கேளுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினால் ரீகண்டிஷன் தலைகள் அகப்படும். எலெக்ட்ரிக் லொக் (இரண்டு பக்கச் சில்லையும் ஒன்றாகப் பூட்டும் மோட்டர்) உள்ள தலையைக் காட்டினால் ஆசைப்பட வேண்டாம், அதற்கு உங்கள் ஆக்சில் கூட்டை வெட்டி மாற்ற வேண்டும்.

கடையிலேயே எண்ணிப் பாருங்கள். பினியன் ஃபிளேஞ்சைக் கையால் சுற்றி, கிரவுன் ஒரு முழுச் சுற்று வர எத்தனை என்று பாருங்கள். ஐந்துக்கு ஒரு சின்னத் துண்டு குறைய வந்தால் 4.88. இன்னும் உறுதி வேண்டுமென்றால் கிரவுன் பல்லை எண்ணுங்கள், 39 இருக்க வேண்டும். பிறகு ஃபிளேஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆடினால் பெயரிங் போய்விட்டது. பற்களின் முகத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். மினுங்குவது பரவாயில்லை, குழி விழுந்திருந்தால் அல்லது நீல நிறமாகச் சூடேறியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பதைவிடப் பழைய ஒயில் ஒட்டியபடி இருப்பது எனக்குப் பிடிக்கும், அந்த ஒயிலை விரலில் தொட்டால் உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்துவிடும்.

முழுத் தலை இல்லாமல் புதுக் கிரவுன் பினியன் சோடி மட்டும் வாங்கி உங்கள் பழைய தலைக்குள் போடுவது இன்னொரு வழி. பொருள் புதிது, ஆனால் பொருத்துகிறவரில் எல்லாம் தங்கியிருக்கிறது. பினியன் எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும், பெயரிங் எவ்வளவு இறுக்கம், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று மூன்றையும் அளந்து வைக்க வேண்டும். அந்த இடைவெளி 0.13இலிருந்து 0.18 மில்லிமீற்றர். கண்ணாலோ கை ஆட்டத்தாலோ பிடிக்கக்கூடிய அளவு இல்லை அது. டயல் கேஜ் இல்லாத கராஜில், பல்லில் நிறம் பூசித் தடம் பார்க்காத ஆளிடம், இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். ஊளைச் சத்தத்தோடு ஓடத் தொடங்கினால் அதைப் பிறகு எந்த ஒயிலாலும் நிறுத்த முடியாது. கிரவுனும் பினியனும் சோடியாகவே அரைத்துச் சேர்க்கப்பட்டவை, ஒன்றை மட்டும் வேறொரு சோடியிலிருந்து எடுத்துப் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கூலிக்கும் காசு ஒதுக்குங்கள். பின்னுக்கு வேலை குறைவு, பிரேக் பைப்பைக் கழற்றி, பக்கத்துக்கு நான்கு நட்டைக் கழற்றினால் ஆக்சில் ஷாஃப்ட் வந்துவிடும். முன்னுக்கு ஹப், நக்கிள் (சில்லு திரும்பும் மூட்டு) எல்லாம் இறக்கி இரண்டு ஷாஃப்ட்டையும் உருவிய பிறகுதான் தலை வெளியே வரும். அவ்வளவு கழற்றிய பிறகு பழைய சீலையும் பழைய கிரீஸையும் அப்படியே திரும்பப் போடுவது வீண். கடற்கரையில் ஓடுகிற வண்டி, நக்கிளுக்குள் உப்புத் தண்ணீர் போயிருக்கும். கிட் வாங்கி முழுக்கப் புதிதாக்குங்கள். அப்புறம் ஆக்சிலின் மூச்சுக் குழாயை ஒரு ரப்பர் குழாய் மாட்டி எஞ்சின் அறைக்கு உயர்த்திவிடுங்கள். சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது காற்றுச் சுருங்கி, கிடைக்கிற ஓட்டையால் தண்ணீரை உள்ளே இழுக்கும். பால் நிறத்தில் ஒயில் வருகிற டிஃபரன்ஷியல்களில் அதிகம் அப்படித்தான் கெடுகிறது.

பிரேக்கை மறக்க வேண்டாம். விகிதம் மாற்றினால் இழுவை திரும்பும், நிறுத்தும் பலம் திரும்பாது. டயர் உயரம் கூடியதால் அதே டிஸ்க், அதே ட்ரம், 13 வீதம் கூடிய நெம்போடு போராடுகிறது. முன் பேட், பின் லைனிங், பிரேக் ஒயில் மூன்றையும் அந்த வேலையோடேயே பாருங்கள். ஹபரணைக் காட்டில் இரவில் யானை குறுக்கே நின்றால் அந்தச் சில மீற்றர் உங்களுக்குத் தேவைப்படும்.

இரண்டு தலை, கூலி, சீல் எல்லாம் சேர்ந்து இப்போதைக்குக் கைக்கு மேலே போகிறது என்றால், நான் உண்மையாகவே பரிந்துரைப்பது டயரை விற்பது. 285ஐ நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு 245/75ஆர்16 போடுங்கள். அது 774 மில்லிமீற்றர், பழையதைவிட 5 வீதம்தான் கூட, 4.10 அதைச் சுமக்கும், ஐந்தாவது திரும்பி வரும். 285ஓடு ஒப்பிட்டால் நீங்கள் இழப்பது ஆக்சிலுக்குக் கீழே 3 சென்ரிமீற்றர். உங்கள் வயலுக்கும் கரைக்கும் அது குறைவே இல்லை. காசு சேர்ந்த பிறகு 33க்கு மனம் திரும்பினால் அப்போது இரண்டு ஆக்சிலையும் ஒன்றாகச் செய்யலாம்.

4.88க்கே போவதென்று முடிவெடுத்தால், இரண்டுக்கும் ஜிஎல்-5 தரத்தில் 90 ஒயில் ஊற்றுங்கள். புதுச் சோடி என்றால் முதல் ஓட்டம் இருபது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், முழுக்க ஆறவிட்டுப் பிறகு ஓடுங்கள், இப்படிச் சில தரம். முதல் 800 கிலோமீற்றருக்குப் படகும் வேண்டாம், நெல்லும் வேண்டாம். அதன் பிறகு ஒயிலை மாற்றுங்கள், வடித்த ஒயிலை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு வருவது வழக்கம், நகத்தில் படும் அளவுக்குத் துண்டு வந்தால் ஓடாமல் நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள். கொழும்புக்குக் காசு அனுப்ப முன், 20 சுற்றுக்கு ஷாஃப்ட் எத்தனை சுற்று, டயர் ஒரு சுற்றில் எத்தனை மில்லிமீற்றர் என்ற இரண்டு எண்ணையும் அனுப்பிவிடுங்கள், 4.88தானா என்று அதை வைத்து இன்னொரு தரம் பார்த்துச் சொல்கிறேன்.